வெறும் பாத்திரம் திருப்பாதவர்

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு கிண்ணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். காரைக்குடியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வாரம், பக்கத்து வீடாயிற்றே என்று ஒரு கிண்ணம் கத்தரிக்காய்க் கெட்டிக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் திரும்பி வந்து அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் கிண்ணம் கழுவித் துடைத்து வந்துவிட்டது. உள்ளே ஒரு கருப்பு ரெக்சின் துண்டு. ஓரம் முழுக்க மடித்துத் தைத்து, மூலைகளை வளைத்துவிட்டிருந்தது. மிக்ஸிக்கு அடியில் போட்டால் சத்தம் வராது என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதர் ரோஷக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரோஷமெல்லாம் இல்லை. அது என்னவென்று எனக்குப் பிடிபடப் பல வருஷம் ஆனது.

டூவீலருக்கு சீட் தைப்பவர் அவர். தச்சு வேலைக் குடும்பம். அப்பா, பெரியப்பா எல்லோரும் மரத்தில் வேலை செய்தவர்கள். என் கையில் உளியைக் கொடுத்தபோது ஊசியைக் கேட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வீட்டு முன்வாசல்தான் பட்டறை. ஒரு தையல் மெஷின், ஸ்பாஞ்ச் அடுக்கு, ரெக்சின் சுருள்கள். என் வீட்டுக் கொய்யா மரம் பாதி எனக்கும் பாதி அவருக்குமாகச் சுவர்மேல் சாய்ந்து நின்றது. வேலைக்கு வருகிற வண்டிகள் எல்லாம் அதன் நிழலில்தான் நிற்கும்.

சும்மா ஒரு பொருளை வாங்கவும் மாட்டார், சும்மா கொடுக்கவும் மாட்டார். யார் எதை நீட்டினாலும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை, "பதிலுக்கு?" சோப்பு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வருவார். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து பார்த்துச் சலித்துவிட்டார். தன் பக்கம் சாய்ந்த கிளையில் ஒரு கொய்யா பறித்தால் அன்றைக்கே எனக்கு ஏதாவது ஒரு உறை வந்துவிடும். டிவி ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. என் வீட்டுக்கு வந்தவர்கள் நான்தான் ஏதோ ரெக்சின் வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் தெருவோடு போயிருந்தோம். அன்பளிப்பு எதுவும் வாங்குவதில்லை என்று வாசலிலேயே பலகை வைத்துவிட்டார்கள். எனக்கெல்லாம் நிம்மதி. அவருக்கோ சாப்பாடு இறங்கவில்லை. இலையில் வைத்த பணியாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பாதிப் பந்தியில் எழுந்து போனவரைக் காணோமே என்று தேடிப் போனால், வெளியே நின்ற ஒரு ஸ்கூட்டரின் கிழிந்த சீட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தம்பி வண்டியாம், கேட்டுத் தெரிந்துகொண்டாராம். சட்டைப் பையில் எந்நேரமும் ஊசியும் மெழுகு நூலும் இருக்கும். தைத்து முடித்துவிட்டு அடுத்த பந்தியில் போய் உட்கார்ந்து, பணியாரத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் எல்லாமே சிரிப்பில்லை. அவர் மனைவி இறந்தபோது தெருப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனோம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தானே பார்க்க வேண்டும். காரியம் முடிந்த மறுநாள் காலையில் மனிதர் ஒவ்வொரு வீடாக வந்து பாத்திரங்களைத் திருப்பினார். எல்லாவற்றிலும் அரிசியும் பருப்பும் நிறைந்திருந்தது. இழவு வீட்டிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று இரண்டு மூன்று பேர் கதவையே திறக்கவில்லை. என் வாசலில் நின்றபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்குக்கூடவா பதில் செய்வார்கள், உங்களுக்கு நாங்கள் யார் என்று கேட்டேன். அவர் என் தூக்குவாளியை என் கையில் வைத்துவிட்டு, "இப்ப கணக்கு சரியாப் போச்சு தங்கச்சி" என்றார். யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாமல் அந்த மனிதர் தன்னந்தனியாக அவ்வளவு பெரிய வாசலில் உட்கார்ந்து சீட் தைப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இனி எறும்புக் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் கொய்யா மரத்தடியில் நின்ற வண்டியின் புது சீட்டில் கை வைத்தவருக்குப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. யாரோ குளிர்பானம் சிந்திவிட்டார்கள் என்று துடைத்தார். மறுநாளும் ஒட்டியது. நானாக இருந்தால் திட்டிக்கொண்டே துடைத்திருப்பேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். இனித்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, நீங்களும் தொட்டுப் பாருங்கள் என்று வேறு சொன்னார். நான் ஏன் தொடப்போகிறேன்.

அன்று முழுக்க வேலையை விட்டுவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். கொய்யாத் தளிரில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகச் சின்னச் சின்ன எறும்புகள். எங்கள் பக்கம் அதற்குப் பிள்ளையார் எறும்பு என்று பெயர். கடிக்காது, அதை யாரும் கொல்லவும் மாட்டோம். சிவப்பெறும்பு என்றால் மருந்தைக் கொட்டுகிற வீட்டில்கூட இதற்கு வழிவிடுவார்கள், அதிலும் பிள்ளையார்பட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு. எறும்பு தன் மீசையால் பூச்சியை மெல்லத் தட்டுகிறது. பூச்சியின் பின்னாலிருந்து ஒரு சொட்டு வருகிறது. எறும்பு குடிக்கிறது. எங்கிருந்தோ ஒரு புள்ளி வண்டு பூச்சியைத் தின்ன வந்தது. எறும்புகள் எல்லாம் திரண்டு போய் அதன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டன.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கியபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது.

"பாத்தீகளா தங்கச்சி, ஓசியில குடிக்கல. குடிச்சதுக்குக் காவல் இருக்குதுக" என்றார்.

அதுகள் ரெண்டும் ஒன்றுக்கொன்று பதில் செய்துகொள்ளட்டும், நடுவில் சாறு கொடுக்கிற மரத்துக்கு யார் பதில் செய்வது என்று கேட்டேன். சுருங்கிக் கறுத்த இலை ஒன்றைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மரம் எனக்கு லேசுப்பட்டதில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே நட்ட கன்று. உள்ளே சிவந்திருக்கும், அப்படி ஒரு வாசம். என் வீட்டுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க என்னிடம் இருந்தது அந்த மரம் ஒன்றுதான். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தேன். கொஞ்சம் குறையும். பிறகு பார்த்தால் வேறு கொப்பில் மாவு பூத்திருக்கும். எறும்புகளே மாவுப்பூச்சிக் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போய் நல்ல தளிரில் விடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் அவர் மகளுக்கு மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனது. ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் இரண்டு தடவையும் தங்கவில்லை. இந்த முறை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் பிள்ளையார்பட்டிக்குப் போய் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒரு அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தினமும் விடிந்ததும் பிள்ளையார் எறும்புக்குக் குருணையும் நாட்டுச் சர்க்கரையும் போடுங்கள், பிள்ளை பிறக்கிறவரை ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று சொன்னாராம். அந்த யோசனைக்குப் பதிலாக அந்த அம்மாளின் பையில் அறுந்து தொங்கிய காதைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சாமியையே கும்பிட்டிருக்கிறார்.

மறுநாள் காலையிலிருந்து ஒரு தகர டப்பாவோடு வந்துவிட்டார். போட்ட இடம் எது? எங்கள் சுவருக்கு அடியில், கொய்யா மரத்து மூட்டிலேயே. எறும்புப் புற்று அங்கேதானே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மேலே மருந்தடித்து எறும்பை விரட்டுகிறேன், இவர் கீழே பந்தி வைக்கிறார். கொஞ்ச நாள் பொறுத்தேன். ஒரு காலையில் நுனிக்கொப்பு ஒன்று மொட்டையாகிக் காய்ந்து நின்றதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"உங்க பேரப்பிள்ளைக்காக என் மரம் சாகணுமாண்ணே? பதிலுக்கு என்ன தருவீக?"

அவருடைய கேள்விதான். அதை அவரிடமே யாரும் கேட்டதில்லை போல. டப்பாவை மூடினார். கையிலிருந்த குருணையைக்கூடக் கீழே போடவில்லை, திரும்ப டப்பாவுக்குள் உதறிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு விடிந்ததும் அவருடைய மொபெட் சத்தம் கேட்கும். ஊருணிக்கரைக்குப் போய் அங்கே ஓர் அரசமரத்தடியில் போட்டுவிட்டு வருவார். மழை பெய்தாலும் ரெக்சினைத் தலையில் போர்த்திக்கொண்டு போவார். ஒரு நாள் சுவரோரமாக நின்று, அங்கிருக்கும் எறும்புகள் புதுசு, இன்னும் தன்னோடு பழகவில்லை, சர்க்கரையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடுகின்றன என்று கவலையோடு சொன்னார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. மரமாவது பிழைக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

மரமும் பிழைக்கிற மாதிரித் தெரியவில்லை. எறும்பு வரிசை முன்னைவிடத் தடித்து மேலே ஏறியது. வெள்ளை இன்னும் பரவி, கொய்யாப் பிஞ்செல்லாம் மாவில் புரட்டியதுபோல ஆகிவிட்டது. இத்தனைக்கும் கீழே ஒரு குருணைகூடக் கிடையாது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். அவர் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் ஊசிக்கடியில் துணியே இல்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு உதிரம் பட்டிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மருமகன் போன் செய்திருக்கிறார். இங்கிருந்து வந்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், அங்கேயே இருங்கள் என்றும் சொல்லிவிட்டாராம்.

"எடத்த மாத்தியிருக்கக் கூடாது தங்கச்சி. ஒரு எடத்துல பேசி வச்சுட்டு இன்னொரு எடத்துல போயிக் குடுத்தா, அது எப்படிச் செல்லும்?" என்றார்.

என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு அது சுலபம். தன் வியாபாரம் எங்கே தப்பிப்போனது என்று தேடிக்கொண்டிருந்தார் மனிதர். எறும்புக்கும் திருப்பூர் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று என் புத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா?

"நாளைக் காலையில இங்கயே போடுங்கண்ணே."

"மரம்?"

"மரம் போனாப் போகுது."

"பதிலுக்கு?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்படி வாங்கிப் பழக்கமில்லையே தங்கச்சி" என்றார்.

"பழகிக்கங்க."

அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மனைவி சாவில்கூட அழவில்லை. சட்டைப் பையிலிருந்த ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார். தைத்துக் கொடுக்க என்னிடம் அப்போது கிழிந்தது எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எறும்புகளும் வந்தன. நான் மரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். விட்டுக்கொடுத்த பிறகு என்ன பார்வை? மகளுக்கு உதிரம் நின்று, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் போன் வரும். பேசி முடித்ததும் சுவர்மேல் தலையை நீட்டி, நல்லா இருக்காளாம் என்று சொல்லிவிட்டுத்தான் விளக்குப் போடுவார்.

விவசாயம் படித்து அதே இலாகாவில் வேலை பார்க்கிற என் தங்கை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கொய்யா மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தவள், பெரியம்மா, மரம் நல்லாத் துளிர்த்திருக்கே என்றாள். அண்ணாந்து பார்த்தேன். நிஜம்தான். மாவு அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. அதிலும் புள்ளி வண்டுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன, தடுக்க ஆளில்லாமல். எறும்பெல்லாம் கீழே சர்க்கரையில் கிடந்தன.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். கீழேயே இனிப்புத் தாராளமாகக் கிடைத்தால் எறும்பு மேலே ஏறிப் பூச்சியிடம் கையேந்துவது குறைந்துவிடுமாம். காவல் குறைந்தால் வண்டு வந்து பூச்சியைத் தின்றுவிடும். நடுவில் அவர் ஊருணிக்கரைக்குப் போன நாட்களில் எறும்புக்கு இங்கே வேறு வழியில்லை, அதனால்தான் மாவு அப்படிப் பெருத்திருக்கும் என்றாள். எல்லா எறும்பும் எல்லா மரத்திலும் இப்படி நடக்காது, நீங்கள் பாட்டுக்கு ஊரெல்லாம் சர்க்கரை போடச் சொல்லிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அப்ப பதில் வந்துருச்சு தங்கச்சி" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனிதருக்கு ஒன்றைச் சும்மா கொடுத்தேன். அதையும் இந்த எறும்புகள் கெடுத்துவிட்டன.

பெண் குழந்தை பிறந்தது. எறும்பாலா, டாக்டராலா, அந்தப் பெண் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த கிடையாலா, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேச மாட்டார். பிள்ளை பிறக்கிறவரைதானே பேச்சு, நிறுத்திவிடுவார் என்று பார்த்தால் மறுநாளும் டப்பாவோடு நின்றார். கேட்டால், இது மரத்துக்கு என்றார்.

குழந்தைக்குத் தலை நின்ற சமயத்தில் மகள் வற்புறுத்தித் திருப்பூருக்கே வரச்சொல்லிவிட்டாள். கிளம்புகிற வாரம் முழுக்கத் தெருவில் ஒவ்வொருவரிடமும் போய்க் கணக்குத் தீர்த்தார். யாரிடமோ எப்போதோ வாங்கிய ஏணிக்குப் பதிலாக நாற்காலிக்கு மெத்தை. தண்ணீர் பிடித்து வைத்த வீட்டுக்குத் தையல் மெஷின் உறை. கடைசி நாள் என் ஸ்கூட்டருக்குப் புது சீட் போட்டு, அதன்மேல் அந்தத் தகர டப்பாவையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

"கணக்கு சரியாப் போச்சுல்ல தங்கச்சி?"

மனைவியின் காரியம் முடிந்த மறுநாள் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது. அந்த மரத்தை இத்தனை நாள் பார்த்தவள் நான். சொட்டு நின்றுபோன பூச்சியை எறும்பு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொடுக்கவும் வாங்கவும் எதுவும் இல்லையென்றால் இந்த மனிதர் இனிமேல் எதற்காக இந்தத் தெருவை நினைக்கப்போகிறார்?

சாமான் ஏற்றிய வேன் கிளம்பத் தயாராக நின்றது. நான் உள்ளே ஓடினேன். மரத்தில் எட்டியதை எல்லாம் பறித்து, என் பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில் அமுக்கி நிரப்பினேன். வாசலுக்கு வந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. கூடவே நடந்து ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன்.

"பாப்பாவுக்குண்ணே."

"தங்கச்சி, பாத்திரம்..." என்று பதறினார். வேன்காரரை நிறுத்தச் சொல்லித் தோளைத் தட்டினார். நான் நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினேன். தெருமுனை திரும்புகிறவரை தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

விடிந்ததும் குருணையும் சர்க்கரையும் இப்போது நான்தான் போடுகிறேன், முணுமுணுத்துக்கொண்டே. மரம் நன்றாகக் காய்க்கிறது. அவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்கிறார். பேத்தியைப் பற்றிச் சொல்வார், மரத்தைப் பற்றிக் கேட்பார், கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒங்க தூக்கு இங்கதான் இருக்கு தங்கச்சி. வெறுமனே எப்படித் திருப்புறது? என்ன போட்டுக் குடுக்குறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்பார்.

"நல்லா யோசிங்கண்ணே, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.